முத்திரை வைக்கிற இடம்

உக்காருங்க, உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. சுத்தி நின்னு பாத்தா டயர் சீக்கிரம் மாட்டிக்குமா? டிரைவர் தம்பி பாத்துக்குவாரு. தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் புளியமரத்துப் பக்கம் இழுங்க. பின்னாடி பேசறவங்க நிறுத்துங்க. முன்னாடி பேசறவங்களும் நிறுத்துங்க. நான் ஒருத்தன் பேசினா போதாதா? எத்தனை வருஷம் பஸ்ஸுல "உள்ள போ, உள்ள போ"ன்னு கத்தின தொண்டை இது. சும்மா போட்டா துரு புடிச்சிரும்.

மேல்வீட்டு சார், நீங்க முன்னாடி வாங்க. அம்மா, நீங்களும் வாங்க. குடிவந்து நாலு நாள் ஆகல, அதுக்குள்ள எங்க காம்பவுண்டு ஆளுங்களோட காதுகுத்துக்குக் கிளம்பிட்டீங்க பாருங்க, நல்ல மனசு. உங்களுக்குத்தான் இந்தக் கதை. மத்தவங்க எல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சவங்க.

நீங்கதானே சார் கேட்டீங்க, "பாட்டு நல்லாருக்கே, யாரு எழுதினது"ன்னு? அந்தா, வயலுக்கு அந்தாண்ட ஏதோ கோயில் விசேஷம், குழாய் கட்டியிருக்கான். கேளுங்க. "தேன்மொழி கேளாயோ... திருச்செவி திறந்து... தேன்மொழி கேளாயோ, முருகா..." ம். நல்லாத்தான் இருக்கு. கடைசி அடி வரட்டும், அப்ப ஒரு பேரு வரும் பாருங்க. நீலதாசன். அதுக்கு முத்திரைன்னு பேரு. பாட்டு கட்டினவன் தன் பேரைக் கடைசி அடியில சொருகி வெச்சிருவான். நம்ம வீட்டுச் சொம்புல பேரு வெட்டி வெக்கிறோம்ல, விசேஷ வீட்டுக்குப் போனா எவனும் மாத்தித் தூக்கிட்டுப் போயிறக் கூடாதுன்னு? அதேதான்.

அந்த நீலதாசன்தான் நீலமேகம். சர்வே ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டையரானவரு. அவர் பாட்டுன்னுதான் ஊரே சொல்லுது. ஆனா எழுதினது அவரில்ல. அந்தாளுக்கு நிலம் அளக்க வரும். பாட்டு வராது. சிரிக்காதீங்க சார், இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

என் பஸ்ஸுலதான் தினம் ஆபீசுக்கு வருவாரு. நான் சும்மா இருக்கமாட்டேன். ஸ்டாப்பிங் பேரு சொல்றதுல ஒவ்வொரு ஸ்டாப்பிங்குக்கும் ஒவ்வொரு குரல். செக்கிங் இன்ஸ்பெக்டர் குரல்ல ஒண்ணு, பூக்காரம்மா குரல்ல ஒண்ணு. ஒரு நாள் நீலமேகம் இறங்கற இடத்தை அவர் குரல்லயே சொன்னேன். "ஹ்ரும்... ஆக, உறையூர் வந்துவிட்டது. ஆக, இறங்க வேண்டியவர்கள், ஆக, இறங்கலாம்." பஸ்ஸே குலுங்குது. அவரு சிரிக்கல. இறங்கும்போது என் சட்டையைப் புடிச்சு, "ஆக, உனக்குக் கேட்டதைக் கேட்டபடி பாட வருமா?"ங்கிறாரு. வருமே. வேற என்ன தெரியும் எனக்கு?

அப்படித்தான் சார் அந்தக் கூட்டத்துல போய் விழுந்தேன். நவகான மன்றம். பேரைக் கேட்டதும் பெருசா நினைச்சிராதீங்க. ஒரு தையல்கடை மாடி. தலைக்கு மேல தைச்சு முடிக்காத ஜாக்கெட்டெல்லாம் தொங்கும். கீழ மிஷின் ஓடிக்கிட்டிருக்கும். இவங்க போடற தாளத்துக்கு அந்த மிஷின் எவ்வளவோ மேல். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கூடுவாங்க. ஆளாளுக்குக் கீர்த்தனை கட்டிக்கிட்டு வரணும், மத்தவங்க அதைக் குத்திக் கிழிக்கணும். பெரிய வித்வான்கள் பாட்டெல்லாம் பழசாப் போச்சாம், இவங்க புதுசா செஞ்சு உலகத்துக்குக் குடுக்கப் போறாங்களாம். கேட்டவன் எவன்?

யாரு யாரு இருந்தாங்கன்னு காட்டறேன் பாருங்க.

ஹோமியோபதி டாக்டர் சிங்காரவேலு. கண்ணை மூடிக்கிட்டுப் பாட்டைக் கேப்பாரு. முடிஞ்சதும் நாடி பாத்த மாதிரி ஒரு பெருமூச்சு. "எல்லாம் சரியா இருக்கு... ஆனா உயிர் இல்ல." எந்தப் பாட்டுக்கும் அதேதான். அந்தாள் கையில எத்தனை பாட்டு செத்திருக்குங்கிறீங்க! அவர் கட்டின பாட்டு ஒண்ணு, "வேலா, வடிவேலா, கதிர்வேலா, சுடர்வேலா"ன்னு போகும். அதுல இருக்கிற வேலையெல்லாம் எடைக்குப் போட்டா ஒரு இரும்புக்கடை வெக்கலாம்.

அப்புறம் பங்கஜவல்லி டீச்சர். பாட்டு டீச்சர்னு நினைச்சீங்களா? கணக்கு டீச்சர். ஸ்கேலை எடுத்துக்கிட்டுத்தான் வருவாங்க. "நிறுத்து! ரிஷபம் எங்க? அந்த இடத்துல ரிஷபம் எங்க போச்சு?" ஸரிகமல வர்ற 'ரி'தான் அதுன்னு தெரியாம, நான் முதல்ல ஏதோ காளை மாட்டைத் தேடறாங்கன்னு நினைச்சேன். "மேயப் போயிருக்கும் டீச்சர், பொழுது சாஞ்சா வந்துரும்"னேன். என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, உள்ள இருந்த ரிஷபம் எல்லாம் வெளிய ஓடிருச்சு.

கடைசியா தட்சிணாமூர்த்தி. நீலமேகத்தோட மச்சினன். அவரு பாட்டு கட்டறதில்ல, ஆஹா கட்டறவரு. நீலமேகம் தொண்டையைச் செருமினாலே "ஆஹா!"ம்பாரு. செருமல்ல என்னய்யா ராகம்?

இவங்க சண்டை தீரணும்னு நீலமேகம் ஒரு சட்டம் போட்டாரு. "ஆக, யார் பாட்டு என்று தெரிந்தால், ஆக, பாரபட்சம் வருகிறது." அதனால கட்டினவன் பாடக் கூடாது. ஆளாளுக்குத் தனியா வந்து எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிரணும். கிளிக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி. நான் கூட்டத்துல பாடுவேன். முத்திரை வர்ற இடத்துல பேரைச் சொல்லாம "உம்ம்ம்"னு வாயை மூடிக்கிட்டு இழுத்துரணும். எல்லாரும் திட்டி முடிச்சப்புறம், "ஆக, இதைச் செய்தவர் எழுந்திருக்கலாம்"பாரு. கட்டினவன் எந்திரிப்பான்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனா பங்கஜவல்லி டீச்சர் பாட்டுல வந்துச்சு வினை. அவங்க முத்திரை பங்கஜம். பாட்டு எப்படி? பங்கஜ கண்ணு, பங்கஜ கையி, பங்கஜ பாதம். ஒரு குளத்தையே பாட்டுக்குள்ள இறக்கியிருக்காங்க. அத்தனை இடத்துலயும் நான் வாயை மூடினா? பாட்டு பூரா "உம்ம் உம்ம்"னு பல்வலி வந்தவன் மாதிரி முனகி முடிச்சேன். கீழ மிஷின் தைக்கிற பையன் மேல வந்து "யாருக்கு உடம்பு சரியில்ல?"ன்னு கேக்குறான்!

இதை வீட்ல வந்து சொல்லி உருண்டு உருண்டு சிரிச்சேன். எங்க வீட்ல சிரிக்கல. அது எதுக்குமே அப்படித்தான், பேசறதே அபூர்வம். அந்தா, டிபன் கேரியரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஓரமா உக்காந்திருக்கே, அதுதான் சார் எங்க வீட்ல. கீரை ஆஞ்சுக்கிட்டே கேட்டுச்சு, "பேரு கடைசியிலதான் வரணுமா, முன்னாடியும் வரலாமா?"ன்னு. "எங்க வேணா வரலாம், ஆனா பேரு மாதிரி தெரியக் கூடாது, டீச்சர் மாதிரி ஆப்புட்டுக்கக் கூடாது"ன்னேன். பெரிய வித்வான் கணக்கா விளக்கம் சொன்னேன்னு வெச்சுக்கங்களேன்.

சரி, விளையாட்டுக்கு வாங்க. சட்டத்தை நான் எப்படி உடைச்சேன்? ஒரு நாள் டீச்சர் கட்டின பாட்டை டாக்டர் குரல்ல பாடிவிட்டேன். சும்மா, ஒரு குஷிக்குத்தான். அவ்வளவுதான் சார், எல்லாரும் டாக்டர் பாட்டுன்னே முடிவு கட்டிட்டாங்க. தட்சிணாமூர்த்தி "மருந்து கசக்குது"ங்கிறாரு. டாக்டருக்கு மட்டும் அது தன் பாட்டில்லன்னு தெரியும். அதனால நிம்மதியா "உயிர் இல்ல"ன்னுட்டாரு. டீச்சர் முகத்தைப் பாக்கணுமே! தன் பாட்டுன்னு சொல்லவும் முடியாது, கேட்டுக்கிட்டு இருக்கவும் முடியாது, ஸ்கேலைக் கடிக்கிறாங்க. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இந்த ஜென்மங்க ஒண்ணுகூட பாட்டைக் கேக்குறதில்ல. ஆளைத்தான் கேக்குது. காது இருக்கு, சும்மா கண்ணாடி மாட்டிக்கிறதுக்கு.

இப்ப வருது பாருங்க, நம்ம பாட்டு. இந்த "தேன்மொழி கேளாயோ".

கட்டினது எங்க வீட்ல.

ஆமா சார். அதுவேதான். நம்பமாட்டீங்க. நானே நம்பல. சமைக்கும்போது ஏதாவது முனகிக்கிட்டே இருக்கும், அது எப்பவும் இருக்கிறதுதான். ஒரு நாள் சாயங்காலம் என் முன்னாடி வந்து நின்னு, "ஒண்ணு கட்டியிருக்கேன், உங்க கூட்டத்துல பாடறீங்களா?"ன்னுச்சு. பாடிக் காட்டுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. பல்லவி இதுதான், இப்ப ஓடுதே. அப்புறம் ஒரு இடம் வரும், "உலை கொதிக்கும் போதினிலே ஒருமுறை சொன்னேன், இலை போட்டு எடுத்தபின்னே மறுமுறை சொன்னேன்"னு. என்ன ராகம்னு கேட்டா, தெரியாதுங்குது. புரிஞ்சுதா? சரி, முத்திரை வெச்சியான்னு கேட்டேன். "அதெல்லாம் வெச்சாச்சு"ன்னுச்சு. கடைசி அடியில ஒண்ணையும் காணோமே, "எங்க வெச்ச?"ன்னேன். "நல்லாக் கேளுங்க"ன்னுச்சு. அதுக்குள்ள குக்கர் விசில் அடிச்சிருச்சு, உள்ள போயிருச்சு.

சரி, பாவம், அதுக்கு என்ன தெரியும்? முத்திரை இல்லாத பாட்டைக் கொண்டுபோனா டீச்சர் ஸ்கேலாலயே அடிக்கும். அதனால கடைசி அடியில நானே ஒரு "உம்ம்ம்" போட்டுக்கிட்டேன். இடத்தை விட்டு வெச்சேன். அந்த அளவுக்கு அந்தப் பாட்டுக்குப் பாடுபட்டிருக்கேன் சார்.

அந்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்லயும் கூட வந்துச்சு. எங்கயும் வராத ஆளு. கல்யாணத்துக்குக் கட்டற அரக்குப் பட்டை எடுத்துக் கட்டிக்கிட்டு, பூ வெச்சுக்கிட்டு. தையல்கடை மாடிக்கு எதுக்கு இவ்வளவுன்னு கேலி பண்ணிக்கிட்டே கூட்டிட்டுப் போனேன். கதவோரமா ஒரு முக்காலியில உக்காந்துக்கிச்சு. அங்க உள்ளவங்களுக்கு அது "கண்டக்டர் வீட்டம்மா", அவ்வளவுதான்.

என் முறை வந்துச்சு. தொண்டையைச் சரி பண்றேன், திடீர்னு தோணுச்சு பாருங்க. இதை நீலமேகம் குரல்ல எடுத்துவிட்டா? அந்தாள் முகம் எப்படிப் போகும்? அடக்க முடியல. "ஹ்ரும்..."னு ஆரம்பிச்சேன். மூக்கால ஒரு இழுப்பு, ஒவ்வொரு அடிக்கும் நடுவுல தலையை ஒரு ஆட்டு. அச்சு அசல். அவரே அப்படிப் பாடினதில்ல.

முடிச்சேன். தட்சிணாமூர்த்தி எந்திரிச்சு நின்னு "ஆஹா!"ங்கிறாரு. கண்ணுல தண்ணி. டாக்டரு கண்ணைத் தொறந்து, "உயிர் இருக்கு"ன்னாரு. மன்றம் ஆரம்பிச்சதுலேருந்து பொழைச்ச முதல் பாட்டு அதுதான் சார்! டீச்சர் மட்டும் லேசுப்பட்டவங்களா? "ரிஷபத்தை எவ்வளவு நாசூக்கா தொட்டுட்டு வந்திருக்கு பாருங்க"ங்கிறாங்க. யாரு தொட்டது? அடுப்படியில நின்னுக்கிட்டு எங்க வீட்ல தொட்டுச்சு.

அதோட விட்டாங்களா? பாட்டுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சாங்க. தேன்மொழின்னா யாரு? டாக்டரு, "வள்ளி. தினைப்புனத்துல இருந்தவ, மலைத்தேன் குடுத்தவ, அவ மொழி தேன்மொழி"ங்கிறாரு. டீச்சர், "இல்ல இல்ல, தமிழ்மொழியைத்தான் சொல்லியிருக்கு"ங்கிறாங்க. தட்சிணாமூர்த்தி, "ரெண்டும்தான், மாமா எப்பவும் ரெண்டு அர்த்தம் வெப்பாரு"ன்னு வாய்விட்டே உளறிட்டாரு. அந்த உலை கொதிக்கிற அடிக்கு ஒரு விளக்கம் பாருங்க: உலைங்கிறது சம்சாரமாம், கொதிக்கிறது ஆசையாம், இலைங்கிறது உடம்பாம். அடப் பாவிங்களா! உலைன்னா உலைய்யா. அரிசி போடறது. நீலமேகத்துக்கு வெந்நீர் வெக்கத் தெரியாது, அந்தாளு உலைக்குப் பக்கத்துல எப்படா போனாரு?

நீலமேகம் என்ன பண்ணினாரு? அதுதான் சார் வேடிக்கை. முதல்ல முழிச்சாரு. அப்புறம் மோட்டுவளையைப் பாத்தாரு. அந்தாளு எக்கச்சக்கமா பாட்டு கட்டிக் குவிச்சு வெச்சிருக்கறவரு, எது கட்டினோம், எதை எனக்குச் சொல்லிக் குடுத்தோம்னு அவருக்கே தெரியாது. ஆளாளுக்கு ஆஹாங்கிறான். ஒருவேளை நம்மளுதுதானோன்னு சந்தேகம் வந்திருச்சு. சந்தேகம் கொஞ்சம் கொஞ்சமா நம்பிக்கையா ஆகறதை நான் கண்ணால பாத்தேன் சார். அவரே சொல்றாரு, "ஹ்ரும். ஆக, இதைச் செய்தவர், ஆக, எழுந்திருக்கலாம்." சொல்லிட்டு, அவரே எந்திரிச்சாரு!

வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கணும் போல இருந்துச்சு. பின்னாடி திரும்பிப் பாத்தேன், எங்க வீட்லயும் எந்திரிச்சு நிக்குது. எவ்வளவு நேரம் முக்காலியில உக்காரும், கால் மரத்துப் போச்சு போல. நின்னுச்சு, என்னைப் பாத்துச்சு, திரும்ப உக்காந்துருச்சு. நான் கண்ணடிச்சேன். எப்படி நம்ம வேலைன்னு.

உண்மையை ஏன் அங்கயே சொல்லலன்னு கேக்குறீங்களா? நல்ல கேள்வி. பழம் பழுக்கணும்ல சார்? அன்னிக்கே சொன்னா ஒரு சிரிப்பு. அந்தாளு அதைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினப்புறம் சொன்னா? ஊரே சிரிக்கும்ல. அதான் விட்டேன். வீட்டுக்கு வர்ற வழி பூரா நீலமேகம் மாதிரி நடந்து காட்டினேன், எங்க வீட்ல பத்தடி பின்னாடியே வந்துச்சு. களைப்பு. பட்டுப் புடவைன்னா கனம் இருக்குமில்ல.

பழுத்துச்சு சார், நல்லாவே பழுத்துச்சு. நான் விட்டு வெச்ச "உம்ம்ம்"ல அளவெடுத்துத் தைச்ச மாதிரி நீலதாசன் போய் உக்காந்துக்கிட்டாரு. கோயில் திருவிழாவுல ஒரு நல்ல பாடகியை வெச்சுப் பாட வெச்சாங்க. அவங்க குரலைப் பத்திச் சொல்லணுமா? ரெக்கார்டு ஆச்சு. இப்ப குழாய் கட்டற எடமெல்லாம் இதுதான். அந்தாளுக்கு சால்வை மேல சால்வை.

சரி, இப்பப் பறிக்கலாம்னு அடுத்த கூட்டத்துல எந்திரிச்சேன். நடந்ததை அப்படியே, ஒவ்வொருத்தர் குரல்லயும், அந்த ஆஹா, அந்த உயிர், அந்த ரிஷபம், எல்லாத்தையும் செஞ்சு காட்டினேன். ஒருத்தனும் சிரிக்கல சார். என் வாழ்க்கையில ஒருத்தன்கூட சிரிக்காம நான் இறங்கின மேடை அது ஒண்ணுதான். "எங்க வீட்ல கட்டினதுய்யா அது"ன்னேன். டீச்சர் சிரிச்சாங்க. எதுக்கு? அந்த வார்த்தைக்கு. "கண்டக்டர் வீட்டம்மா கீர்த்தனை கட்டினாங்களாம்"னு. நீலமேகம், "ஆக, ஆதாரம் என்ன?"ங்கிறாரு. ஆதாரத்துக்கு நான் எங்க போறது? வாயால சொல்லி வாயால பாடினது. டாக்டரு கேக்குறாரு, "சரிய்யா, முத்திரை இருக்கா? முதல்ல அந்தம்மா பேரென்ன, அதைச் சொல்லு"ன்னு. எனக்குக் கோவம் வந்திருச்சு. வீட்டுப் பொம்பளை பேரை அந்த ஜாக்கெட் தொங்கற மாடியில வெச்சு இந்தப் பயலுகளுக்குச் சொல்லணுமா? "வீட்லன்னா வீட்லதான், பேரு எதுக்கு உனக்கு?"ன்னேன். நானே அதைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. "இந்தா"ம்பேன், வந்துரும். அவங்க அம்மா வீட்ல பாப்பாம்பாங்க.

அவ்வளவுதான். "ஆக, நீ இனிமேல் வர வேண்டாம்"னு சொல்லிட்டாரு. என்னை! அவனுங்க பாட்டு அத்தனைக்கும் குரல் குடுத்தவனை! யாருக்கு நஷ்டம் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு ஒண்ணும் இல்ல, பாட்டு போச்சேன்னு ஒரு நாள் வாயைத் திறந்து வருத்தப்பட்டதில்ல. இப்பல்லாம் முனகறதுகூட இல்ல, புது மிக்ஸி வாங்கிட்டோம், அந்தச் சத்தத்துல எங்க முனகறது? எனக்குத்தான் சார் மேடை போச்சு. நியாயமா நீங்களே சொல்லுங்க.

என்ன சார்? எங்க வீட்டுக் குரல்ல பேசிக் காட்டணுமா? ஹஹ். மாட்டிக்கிட்டேன். அது ஒண்ணு மட்டும் எனக்கு வராது சார். பேசினாத்தானே புடிக்கிறதுக்கு?

அந்தா, மறுபடியும் முதல்லேருந்து போட்டுட்டான் பாருங்க. "தேன்மொழி கேளாயோ... திருச்செவி திறந்து..." நீலமேகம் குழாயைத் தேடித் தேடிக் கட்டச் சொல்வாரு போல.

என்னம்மா? பேரா? பாருங்க சார், நான் தொண்டைத் தண்ணி வத்த எவ்வளவு சொல்லியிருக்கேன், உங்க வீட்டம்மா கேக்குற கேள்வியை! இந்தா, உன்னைத்தான். இவங்க உன் பேரு என்னன்னு கேக்குறாங்க. வாயைத் திறந்து சொல்லேன், என்ன கூச்சம்?

"என் பேரா? அதைத்தானேம்மா அந்தக் குழாய்ல பல்லவிக்குப் பல்லவி கூப்பிட்டுக்கிட்டிருக்காங்க. ஊருக்கே கேக்குது. இவர் காதுல மட்டும்தான் விழல."